வாட்ச் தயாரிப்பில் தொழிலாளர் நெறிகளும் உற்பத்தித் தரமும்: சொந்த பிராண்டு நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

டயலில் உங்கள் பெயரை அச்சிட்டு, வாட்ச்சை வேறொருவரிடம் செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். ஐநூறு வாட்ச்சுக்கு ஆர்டர் போடுபவருக்கும் ஐம்பதாயிரத்துக்குப் போடுபவருக்கும் படிகள் ஒன்றே. எவ்வளவு ஆழமாகத் தோண்டுவது என்பதில்தான் வித்தியாசம்.

புதிதாக வருபவர்கள் முதல் மின்னஞ்சலிலேயே "உங்களிடம் என்னென்ன சர்டிஃபிகேட் இருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறார்கள். நாலு பி.டி.எஃப். வந்து சேரும், மனசும் நிறைந்துவிடும். ஆனால் சான்றிதழ் தரப்படுவது ஒரு முகவரிக்கு. வாட்ச்சோ எட்டுப் பத்து முகவரிகளைச் சுற்றி வருகிறது. எந்தெந்த முகவரி என்றே தெரியாமல் சான்றிதழைப் புரட்டி என்ன ஆகப்போகிறது? அதனால்தான் இங்கே சான்றிதழ் ஐந்தாம் படிக்குப் போயிருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் பதிலை வைத்தே நடக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உதிரிபாகப் பட்டியல் முழுசாக வேண்டும்: கேஸ் (வாட்ச்சின் வெளி உடல்), பின்மூடி, கிரவுன் (நேரம் திருத்தும் குமிழ்), கண்ணாடி, டயல், முட்கள், மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் எந்திரம்), ஸ்ட்ராப், பக்கிள், ஸ்பிரிங் பார் (ஸ்ட்ராப்பைக் கேஸில் மாட்டும் கம்பி), ரப்பர் வளையம், பெட்டி வரை. "பெட்டியில் என்ன இருக்கப்போகிறது" என்று அதை விட்டுவிடுவார்கள். ஒட்டும் பசையும் கைவேலையும் அதிகம் உள்ள இடங்களில் பெட்டி செய்யும் இடமும் ஒன்று.

தொழிற்சாலை இருக்கும் நாட்டின் வேலைநேரம், ஓவர்டைம், குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்ட விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இல்லாமல் சம்பளச் சீட்டைப் பார்த்தால் அது வெறும் எண்கள்தான்.

தொழிலாளர்களின் மொழி தெரிந்த ஒருவரும் தேவை. அவருக்குப் பணம் தருவது நீங்களாக இருக்க வேண்டும். தொழிற்சாலை ஏற்பாடு செய்து தரும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார்.

2. உதிரிபாகப் பட்டியலை முகவரிப் பட்டியலாக மாற்றுங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஸ்டீல் கேஸ் என்றால்: உலோகத்தை அடித்து உருவாக்குவது, சி.என்.சி. (கணினி இயக்கும்) கடைசல், பாலிஷ், பி.வி.டி. பூச்சு (வெற்றிடத்தில் ஏற்றும் மெல்லிய கடினப் பூச்சு). நாலு வேலை, நாலும் நாலு இடத்தில் நடக்கலாம். டயலுக்கு: தகடு வெட்டுவது, வண்ணம், பேட் பிரின்டிங், எண்குறிகள் பதிப்பது, லூம் (இருட்டில் ஒளிரும் பொருள்) பூசுவது. ஸ்ட்ராப்புக்கு: தோல் பதனிடுவது, வெட்டித் தைப்பது, ஓரத்துக்குச் சாயம் தீட்டுவது.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "யார், எந்த ஊர்" என்று கேளுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருப்பது தொழிற்சாலையிடமா, டிரேடிங் கம்பெனியிடமா என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். "எல்லாம் எங்களிடமே" என்று பதில் வந்தால் பூச்சு எந்திரத்தின் படத்தைக் கேளுங்கள். வாட்ச் கோர்க்கும் சிறு தொழிற்சாலை சொந்தமாக பி.வி.டி. எந்திரமும் முலாம் தொட்டியும் வைத்திருப்பது அபூர்வம்.

பெயர் சொல்லத் தயங்குவார்கள். நியாயமான தயக்கம்தான், அவர்களைத் தாண்டி நீங்கள் நேரே போய்விடுவீர்களோ என்ற பயம். முதலில் ஊரையும் வேலையையும் மட்டும் வாங்குங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்ட பிறகு பெயரைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மூவ்மென்ட்டில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். அதைச் செய்பவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். உங்கள் ஆர்டருக்காக அவர்கள் எதையும் மாற்றப்போவதில்லை. அவர்கள் வெளியிடும் அறிக்கைகளை வாசித்துக் குறிப்பெடுத்தால் போதும். உதாரணமாக, பிரிட்டனில் 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தின்படி ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்கள் இதற்கென்று ஓர் அறிக்கையை வெளியிட்டாக வேண்டும்.

'ஸ்விஸ் மேட்' என்ற எழுத்தைப் பார்த்து இந்தப் படியைத் தாண்டுபவர்களும் உண்டு. 2017 தொடக்கத்திலிருந்து அந்த எழுத்துக்கு உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் ஸ்விட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும்; கோர்ப்பதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். மீதிச் செலவு எந்த நாட்டிலும் ஆகலாம். அங்கே யார், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு வேலை செய்தார்கள் என்பதைப் பற்றி அந்த விதி வாய் திறப்பதில்லை.

3. எந்த முகவரியில் ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்துங்கள்

எல்லா இடத்தையும் ஒரே கவனத்தோடு பார்க்க யாரிடமும் பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே எங்கே உடம்பு கெடும், எங்கே கூலி ஏமாற்றப்படும் என்று பார்த்து வரிசை போடுங்கள்.

புதியவர்கள் பார்த்து மயங்குவது கோர்க்கும் அறையை. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, கண்ணாடிச் சுவர், தூசியே இல்லாத காற்று. அந்தச் சுத்தம் டயலுக்காகச் செய்தது, ஆளுக்காக அல்ல. டயலில் ஒரு துகள் விழுந்தால் வாட்ச் திரும்பி வரும். இந்த அறையின் உண்மையான பிரச்சினைகள் கண் சோர்வு, கழுத்து வலி, குனிந்தே இருக்கும் முதுகு. முக்கியமானவைதான். ஆனால் பட்டியலில் இவை கடைசி.

முதலிடம் பாலிஷ் பட்டறைக்கு. ஸ்டீலைத் தேய்க்கும்போது குரோமியமும் நிக்கலும் கலந்த தூசி பறக்கும். நாள் முழுக்கச் சக்கரத்தின் அதிர்வு கையில் ஏறிக்கொண்டே இருக்கும். தளர்வான துணிக் கையுறை இங்கே பாதுகாப்பு ஆகாது. சக்கரம் நூலைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் விரலுறை மட்டும் போடுகிறார்கள். கையுறை இல்லையே என்று நீங்கள் குறை எழுதினால் அடுத்த முறை உங்களுக்காகவே ஆபத்தான கையுறையைப் போட்டு நிற்பார்கள்.

டைட்டானியம், அலுமினியம் கேஸ் என்றால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: தூசியே தீப்பிடிக்கும். 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷானில் கார் சக்கரங்களைப் பாலிஷ் செய்யும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூசி உறிஞ்சும் குழாய்கள் சுத்தம் செய்யப்படாமல் கிடந்தது அங்கே முக்கியமான குறைகளில் ஒன்று. ஸ்டீல் தேய்க்கும்போது பறக்கும் தீப்பொறியும் டைட்டானியத் தூசியும் ஒரே குழாயில் போகக் கூடாது. எரியும் டைட்டானியத்தில் தண்ணீர் ஊற்றவும் கூடாது; உலோகத் தீக்கென்று தனி அணைப்பான் இருக்கிறது.

அடுத்தது முலாம் பட்டறை. தங்க முலாமுக்கு சயனைடு உப்பு பயன்படுகிறது. பக்கத்திலேயே கழுவுவதற்கு அமிலம் இருக்கும். இரண்டும் கலந்தால் உயிரைப் பறிக்கும் வாயு உண்டாகும். ஒரு பட்டறையில் சயனைடு டப்பாவும் அமிலக் கேனும் ஒரே அலமாரியின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்தன. "பூட்டு போட்டிருக்கிறோமே" என்றார் மேற்பார்வையாளர். திருட்டுக்குப் பூட்டு சரி. கசிவை அது தடுக்குமா?

பிறகு கழுவும் பகுதி. எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் திரவம் என்ன என்று கேளுங்கள். டிரைகுளோரோஎதிலீன் புற்றுநோய் உண்டாக்குவது. என்-ஹெக்சேன் நரம்பைத் தாக்கி, கை கால் மரத்துப்போகச் செய்யும். 'கிளீனர்' என்று மட்டும் எழுதிய கேன் இருந்தால் அதுவே ஒரு குறை.

டயலையும் கேஸையும் மங்கலாக்க மணல் வீசுகிறார்கள் என்றால் அது சிலிக்கா மணலா, கண்ணாடி மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தோல் பதனிடும் ஆலையை இந்தப் பட்டியலில் பலரும் சேர்ப்பதே இல்லை. அது ஸ்ட்ராப் தைப்பவருக்கும் பின்னால் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

4. முதலில் உங்கள் ஆர்டரை ஆடிட் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொழிற்சாலையில் நடக்கும் அத்துமீறல்களில் பல, வாங்குபவரின் காலண்டரிலிருந்து கிளம்புகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேஸைப் பாலிஷ் செய்ய 25 நிமிடம் என்று வையுங்கள். 1,000 கேஸுக்கு சுமார் 417 மணி நேரம். பட்டறையில் 4 பேர், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 13 நாளில் முடியும். நீங்கள் சாம்பிளுக்கு ஓ.கே. சொல்வதைத் தள்ளிப்போட்டு, அனுப்பும் தேதியை மட்டும் மாற்றாமல் வைத்ததால் 8 நாள்தான் மிச்சம் என்றால்? எட்டு நாளில் நாலு பேரால் 256 மணி நேர வேலைதான் ஆகும். மிச்சம் 161 மணி. ஆளுக்கு 40 மணி நேர ஓவர்டைம், அதாவது தினமும் 13 மணி நேரம் சக்கரத்தின் முன்னால்.

சீனச் சட்டப்படி ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நெறி வாரத்துக்கு 48 மணி நேர வேலை, அதற்கு மேல் 12 மணி நேர ஓவர்டைம் என்று எல்லை வைக்கிறது. உங்கள் ஒரே ஆர்டர் இரண்டையும் மீறிவிட்டது. இனி தொழிற்சாலைக்கு இரண்டே வழி: பொய் வருகைப் பதிவு, அல்லது உங்களுக்குத் தெரியாமல் வேறொரு பட்டறைக்குக் கைமாற்றுவது. எந்த வழியில் போனாலும் நீங்கள் போட்ட முகவரிப் பட்டியல் பொய்யாகிவிடும்.

ஆகவே பர்சேஸ் ஆர்டர் போடும் முன், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எத்தனை ஆள் என்று தொழிற்சாலையிடமே கேட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். டிசைன் மாற்றத்துக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதற்குப் பிறகு மாற்றினால் அனுப்பும் தேதியும் தள்ளிப்போகும் என்று எழுத்தில் கொடுங்கள்.

ரிஜெக்ட் விதியையும் பாருங்கள். கேஸில் உள்ள கீறலை 30 செ.மீ. தூரத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பதா, பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பதா? லென்ஸ் என்று எழுதினால் திரும்பி வரும் கேஸ்கள் குவியும். பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) வேலை செய்பவர் அதே கேஸை இரண்டாம் முறை தேய்ப்பதற்குக் காசு தருவது யார்? பல இடங்களில் யாரும் தருவதில்லை. அந்த உழைப்பு இலவசமாகவே போய்விடுகிறது.

5. சான்றிதழ்களைப் படிக்கும் முறை

இப்போது அந்த பி.டி.எஃப்.களைத் திறக்கலாம். ஒவ்வொன்றிலும் முதலில் முகவரியைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா? அடுத்தது எந்த வேலைக்குத் தரப்பட்டது என்பது. 'விற்பனையும் ஏற்றுமதியும்' என்று இருந்தால் ஆடிட் நடந்தது அலுவலகத்தில். மூன்றாவது தேதி. பிறகு, கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

எது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஐ.எஸ்.ஓ. 9001 தர நிர்வாகம். தொழிலாளர் நெறிக்கு அது சாட்சி ஆகாது. 14001 சுற்றுச்சூழல். 45001 வேலையிடப் பாதுகாப்பு. எஸ்.ஏ. 8000 தொழிலாளர் நெறிகளுக்கான சான்றிதழ். ஸ்மெட்டா சான்றிதழே அல்ல, அது ஆடிட் அறிக்கை. ஆகவே "ஸ்மெட்டா இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் உள்ளே என்னென்ன குறை எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். இரண்டு தூண் ஆடிட்டா, நாலு தூணா என்பதையும் பாருங்கள்; இரண்டு தூணில் தொழிலாளர் நிலையும் பாதுகாப்பும்தான் முக்கியம், சுற்றுச்சூழலும் வணிக நேர்மையும் முழுதாக வருவது நாலு தூணில்.

ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சிலின் சான்று தங்கம், வெள்ளி, பிளாட்டினம், வைரம், வண்ணக்கல் சார்ந்த தொழிலில் இருப்பவர்களுக்கானது. அது அந்த உறுப்பினரைப் பற்றிப் பேசும். அவருக்கு ஸ்டீல் கேஸ் செய்து தரும் பட்டறையைப் பற்றி அல்ல. கிம்பர்லி திட்டம் பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டும். அதுவும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் போகிறதா என்பதைத்தான் பார்க்கிறது. சுரங்கத்தில் குழந்தை வேலை செய்ததா என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

குறை ஒன்றுமே இல்லாத ஆடிட் அறிக்கை வந்தால் சந்தேகப்படுங்கள். பாலிஷ் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு குறைகூட இல்லை என்றால் ஆடிட்டர் பாலிஷ் பட்டறைக்குள் போகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

6. ஆவணங்களை ஒன்றோடொன்று மோதவிடுங்கள்

தனியாக எடுத்தால் எல்லா ஆவணமும் அழகாகத்தான் இருக்கும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் பொய் தெரியும்.

மாதங்களைத் தேர்வது நீங்களாக இருங்கள். வேலை குவிந்த மாதம் ஒன்று, வேலை குறைந்த மாதம் ஒன்று. இரண்டுக்கும் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, உற்பத்திப் பதிவு, தரச் சோதனைச் சீட்டு நாலையும் கேளுங்கள். வருகைப் பதிவும் சம்பளமும் எளிதில் ஒத்துப்போகும், ஏனென்றால் இரண்டையும் எழுதுவது ஒரே அலுவலகம். தரச் சோதனைச் சீட்டைத் திருத்த யாருக்கும் தோன்றுவதில்லை. வருகைப் பதிவில் ஞாயிறு முழு விடுமுறை, ஆனால் அதே ஞாயிறு தேதியிட்டு முப்பது டயல்களைப் பரிசோதித்த கையெழுத்து. அந்த ஒரு சீட்டு போதும், இரட்டைக் கணக்கு இருக்கிறது என்று சொல்ல.

எல்லோரும் மாலை சரியாக ஆறு மணிக்கே வெளியேறியதாக மாதம் முழுக்கப் பதிவு இருந்தாலும் அப்படித்தான். மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காக வீட்டுக்குப் போவதில்லை.

பீஸ் ரேட் உள்ள இடத்தில், மாத மொத்தத்தை வேலை செய்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஓவர்டைமைக் கழித்த பிறகும் குறைந்தபட்சக் கூலி கிடைத்திருக்க வேண்டும். "அவர் நன்றாகச் சம்பாதிக்கிறார்" என்பது பெரும்பாலும் "அவர் நீண்ட நேரம் வேலை செய்கிறார்" என்பதன் இன்னொரு பெயர்.

பிறகு ஏஜென்சி ஆட்களின், அதாவது ஆள் அனுப்பும் நிறுவனம் மூலம் வந்தவர்களின், பட்டியல். கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அடையாளங்களைத் தந்திருக்கிறது. அளவு மீறிய ஓவர்டைமைத் தவிர, ஆவணங்களில் தேட வேண்டியவை மூன்று: அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, கூலியைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது. சம்பளத்தில் 'முன்பணம்', 'டெபாசிட்' என்ற பிடித்தம் ஏஜென்சி ஆட்களுக்கு மட்டும் இருந்தால் அங்கே நின்று கேளுங்கள்.

7. நேரில் போகும் நாள்

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கழிவு வைக்கும் இடம், ரசாயனக் கிடங்கு, முலாம், பாலிஷ், கழுவும் பகுதி, கடைசியில் கோர்க்கும் அறை, அதற்கும் பிறகு அலுவலகம். தொழிற்சாலை உங்களைத் தலைகீழாக அழைத்துப் போகப் பார்க்கும்: முதலில் டீ, பிறகு பிரசன்டேஷன், பிறகு சாப்பாடு. பாலிஷ் பட்டறைக்கு வரும்போது மணி மூன்றாகி, பாதிப் பேர் வேறெங்கோ அனுப்பப்பட்டிருப்பார்கள்.

பாலிஷ் பட்டறைக்கு ஒரு டிஷ்யூ தாளோடு போங்கள். அதில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்து, சக்கரத்துக்கும் உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் இடையே பிடியுங்கள். கீற்று குழாய்ப் பக்கம் இழுபட வேண்டும். ஆடாமல் தொங்கினால் குழாய் வெறும் அலங்காரம். முதல் சக்கரத்தில் மட்டும் பார்க்காதீர்கள், மோட்டாருக்கு மிகத் தொலைவில் உள்ள கடைசிச் சக்கரத்தில் பாருங்கள். உறிஞ்சும் வேகம் அங்கேதான் குறையும். பிறகு டியூப்லைட்டின் மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள். தரையை நேற்றே கழுவியிருப்பார்கள், விளக்கின் மேல்பக்கம் யார் ஞாபகத்துக்கும் வராது.

சக்கரங்களை எண்ணுங்கள். நாலாம் படியில் அவர்கள் சொன்ன திறனுக்கு எத்தனை சக்கரம் வேண்டும் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. பத்துச் சக்கர வேலைக்கு நாலுதான் இருந்தால் மிச்ச வேலை வேறு எங்கோ நடக்கிறது. எங்கே என்று அங்கேயே கேளுங்கள்.

அவசரக் கதவைப் பார்த்து டிக் அடிக்காதீர்கள், தள்ளிப் பாருங்கள். தங்க பாகங்களும் மூவ்மென்ட்டும் திருடுபோகும் என்ற பயத்தால் வாட்ச் தொழிற்சாலைகளில் கதவைப் பூட்டும் பழக்கம் உண்டு. ரசாயனக் கேன்களின் லேபிள் வேலை செய்பவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். விடுதி இருந்தால் அதையும்.

8. தொழிலாளர்களிடம் பேசுவது

ஆட்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மேலாளர் அனுப்பும் ஆள் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர். வெவ்வேறு பிரிவில் சிலரை ஒன்றாக அழைத்தால், யார் எதைச் சொன்னார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. பெயரும் எழுத வேண்டாம், பதிவும் வேண்டாம்.

"இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. "எத்தனை மணி நேரம் வேலை?" என்பதற்கும் மனப்பாடமான பதில் தயாராக இருக்கும். அன்றாடத்தைக் கேளுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? போன மாதம் கையில் எவ்வளவு வந்தது? இந்த வேலை கிடைக்க யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது என்ன செய்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு யாரும் ஒத்திகை பார்த்து வைப்பதில்லை.

கேட்டதை அன்றே மேலாளரிடம் கொண்டுபோகாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்களாமே" என்று அன்று மாலையே கேட்டால், பேசியவர்கள் யார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதே விஷயத்தை ஆவணத்திலிருந்து எடுத்து, ஆவணத்தைக் காட்டியே கேளுங்கள்.

9. பொருட்களைச் சோதிப்பது

அணிபவரின் தோலுக்கு ஆகாத பொருள், பல நேரம் அதைச் செய்தவரின் நுரையீரலுக்கும் ஆகாது. ஆகவே பொருள் சோதனையைத் தனி வேலையாக நினைக்க வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் எனப்படும் ரசாயனக் கட்டுப்பாட்டு விதிகள் உலகெங்கும் நடைமுறை அளவுகோலாகிவிட்டன. தோலில் நீண்ட நேரம் படும் கேஸ், ஸ்ட்ராப், பக்கிளிலிருந்து வெளியேறும் நிக்கல் ஒரு சதுர செ.மீ.க்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இதற்கான சோதனை இ.என். 1811. பூச்சு போட்ட கேஸ் என்றால், முதலில் இ.என். 12472 முறையில் இரண்டு ஆண்டுத் தேய்மானத்தைச் செயற்கையாக உண்டாக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். புதுப் பூச்சைச் சோதித்து வாங்கிய ரிப்போர்ட்டில் பூச்சின் தரம் தெரியுமே தவிர, அடியில் இருக்கும் உலோகம் தெரியாது.

தோல் ஸ்ட்ராப்பில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வெளியே படும் பாகங்களில் காரீயம் 0.05 சதவீதத்துக்கும், உலோக பாகங்களில் காட்மியம் 0.01 சதவீதத்துக்கும் உள்ளே இருக்க வேண்டும். முதலைத் தோல் ஸ்ட்ராப் என்றால் சைட்ஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்பாடு) அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. 'முதலை அச்சு' என்று விற்கப்படும் மாட்டுத்தோலுக்கு அது தேவையில்லை. இரண்டையும் இன்வாய்ஸில் தெளிவாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

"எங்கள் வாட்ச்சில் தங்கமே இல்லை, மோதல் கனிமப் பிரச்சினை எங்களுக்கு இல்லை" என்பார்கள். மோதல் கனிமம் என்பது ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கக்கூடிய கனிமம்; தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நாலும் அந்தப் பட்டியலில் உள்ளவை. பல ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட்களில் ரோட்டரின் (கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் பாகம்) கனமான விளிம்பு டங்ஸ்டன் கலவை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால் சர்க்யூட்டில் தகரம் உண்டு. முலாமும் தங்கம்தான். அளவு குறைவு என்பதை ஏற்கலாம், இல்லை என்பதை ஏற்க முடியாது.

சாம்பிளைச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு. சாம்பிள் தனிக் கவனத்தோடு செய்யப்படுவது. உற்பத்தி லாட்டிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்த வாட்ச்சைச் சோதியுங்கள்.

10. ஒப்பந்தம்

நாலு வரி போதும், ஆனால் நாலும் இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த வேலையையும் வேறு இடத்துக்குக் கொடுக்கக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமலும் வந்து பார்க்க உரிமை உண்டு. ரீவொர்க்குக்கு, அதாவது மறுபடி செய்யும் வேலைக்கு, கூலி எவ்வளவு, யார் தருவது. நான்காவது உங்கள் பக்கம்: எந்தத் தேதியில் பணம் தருவீர்கள், எந்தத் தேதிக்குப் பிறகு டிசைனில் கை வைக்க மாட்டீர்கள். நான்காவது இல்லாத ஒப்பந்தத்தில் முதல் மூன்றும் மிரட்டலாகத்தான் படும்.

11. குறை கண்டால்

மூன்றாகப் பிரியுங்கள். உடனே நிறுத்த வேண்டியவை: பூட்டிய அவசரக் கதவு, பிடித்து வைத்த அடையாள அட்டை, சயனைடும் அமிலமும் ஒரே இடத்தில், சிறுவயதினர் ஆபத்தான வேலையில். இவற்றுக்குக் கெடு கிடையாது, அன்றே தீர வேண்டும். அடுத்து, சில வாரங்களில் முடியக்கூடியவை: லேபிள், விரலுறை, நாற்காலி, குழாய் சுத்தம். மூன்றாவது, பணமும் காலமும் கேட்பவை: புதிய உறிஞ்சு அமைப்பு, ஓவர்டைமைக் குறைக்கக் கூடுதல் ஆள். மூன்றாவதில் செலவைப் பகிர்வது பற்றிப் பேசத் தயாராக இருங்கள். விலையையும் குறைத்து, வசதியையும் கூட்டு என்றால் கிடைப்பது போட்டோ மட்டுமே.

வேலையில் ஒரு குழந்தையைக் கண்டால், "உடனே வெளியேற்று" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது பெரிய தீங்கு. அந்தக் குழந்தை இதைவிட மோசமான இடத்துக்குத்தான் போகும். வேலையை நிறுத்த வேண்டும். வருமானம் நிற்கக் கூடாது. படிப்புக்கும் உதவித்தொகைக்கும் தொழிற்சாலை பொறுப்பேற்பது, குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தருவது என்பவைதான் நடைமுறையில் பின்பற்றப்படும் வழி. உள்ளூரில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்பு ஒன்றின் துணை இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

வேலைக்காக ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் தெரியவந்தால், அதைத் தொழிலாளிக்குத் திருப்பித் தரவைப்பதுதான் தீர்வு. "இனி வாங்க மாட்டோம்" என்ற கடிதத்தால் கடன் அடையாது.

திருத்தம் முடிந்தது என்று வந்தால் அளவீட்டைக் கேளுங்கள். உறிஞ்சு அமைப்புக்கு, கடைசிச் சக்கரத்தில் அளந்த காற்றின் வேகம். ஓவர்டைமுக்கு, அடுத்த இரண்டு மாதத் தரச் சோதனைச் சீட்டுகள்.

12. வாங்குபவரிடம் என்ன சொல்லலாம்

'எதிக்கல் வாட்ச்' என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். முகவரிப் பட்டியலில் இன்னும் 'தெரியவில்லை' என்ற கட்டங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரம் இல்லாமல் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பது போன்ற பொதுப்படையான விளம்பரத்துக்குத் தடை வருகிறது. கட்டாய உழைப்பில் உருவான பொருளை விற்கத் தடை 2027 டிசம்பர் 14 முதல். அதில் சிறிய நிறுவனம் என்ற சலுகையும் இல்லை.

எழுதத்தக்கது இப்படி இருக்கும்: "கேஸ் பாலிஷ், பூச்சு, கோர்ப்பு மூன்றும் நடக்கும் இடங்களை நேரில் பார்த்தோம். கண்ட குறைகள் இவை, திருத்தியவை இவை. ஸ்ட்ராப் தோல் பதனிட்ட ஆலையை இன்னும் கண்டறியவில்லை." ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள். ஸ்ட்ராப் சப்ளையரையோ பாலிஷ் பட்டறையையோ மாற்றிய அன்று அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.